பெட்டியா, பீஸா, செட்டா? ஃபர்னிச்சர் ஸ்டாக்கை வகை பிரிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபர்னிச்சர் கடை ஒன்றில் பல வருடம் குடோன் கணக்குப் பார்த்தவன் நான். இப்போது சிறிய கடைக்காரர்களுக்கு ஸ்டாக் பட்டியல் போட்டுக் கொடுப்பது என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் கேட்கப்படுவது என்னவோ ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன். கடைக்காரர்களை மனதில் வைத்து எழுதியது. வீட்டுக்கு ஒரு பீரோ வாங்கப் போகிறவருக்கும் சில இடங்கள் உதவும்.

கட்டில், மேஜை, நாற்காலி என்று பிரித்தால் போதாதா? பேக்கிங்கை வைத்து எதற்குப் பிரிக்க வேண்டும்?

ஷோரூமுக்கு அது போதும். உள்ளே வருகிறவர் "கட்டில் எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார். ஆனால் குடோனுக்கும், லோடு ஏற்றுகிறவருக்கும், பில் போடுகிறவருக்கும், ஃபிட்டருக்கும் அது கட்டிலா மேஜையா என்பதைவிட எப்படிக் கட்டி வந்திருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசாரி தேக்கில் செய்து கொடுத்தது முழுசாக வரும். நாலு பேர் பிடித்தால்தான் நகரும், மாடிப்படியில் திரும்பாது. மலேசியாவிலிருந்து வரும் ரப்பர்மர டேபிளில் கால்கள் தனியாகவும் மேல்பலகை தனியாகவும் இருக்கும். வீட்டில் போய் எட்டு போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது. மரத்தூளைப் பசையில் ஒட்டிச் செய்த பார்டிகிள் போர்டில் வருவது மொத்தமும் ஒரே தட்டைப் பெட்டிக்குள் அடங்கிவிடும். மூன்றும் டேபிள்தான். ஆனால் வைக்கிற இடம், ஏற்றுகிற வண்டி, அனுப்புகிற ஆள், உடைந்தால் யார் பொறுப்பு என்பது எல்லாமே வேறு.

அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விஷயங்களை மூன்று தனித்தனிக் கட்டங்களில் எழுதச் சொல்கிறேன். எப்படிக் கட்டியிருக்கிறது? எத்தனை பெட்டி? எதை ஒன்று என்று எண்ணி விலை சொல்கிறோம்? இந்த மூன்றையும் "வகை" என்ற ஒரே கட்டத்தில் திணிப்பதால்தான் வருடக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது கணக்கு இடிக்கிறது.

சரி, கட்டி வரும் விதம் மொத்தம் எத்தனை?

என் பட்டியலில் ஆறு. உங்கள் கடையில் நாலு இருக்கலாம், பிழையில்லை.

முதலாவது முழுசாகப் பூட்டியது. வெல்டிங் வைத்த ஸ்டீல் பீரோ இதற்கு நல்ல உதாரணம். அதைக் கழற்ற வழியே இல்லை. சுற்றி அட்டையும் மூலைகளில் தெர்மாகோலும் வைத்துக் கட்டி அனுப்புவார்கள். உள்ளே காற்றை ஏற்றிக்கொண்டு போகிற மாதிரிதான், ஆனால் வேறு வழியில்லை.

இரண்டாவது பாதி பூட்டியது. கால் கழற்றிய டேபிள் இதில் சேரும். ஆபீஸ் சுழல் நாற்காலியும் இதுதான்: சீட் தனி, முதுகு தனி, ஐந்து விரல் அடிப்பாகம் தனி, சக்கரங்கள் ஒரு பாலித்தீன் பையில். சில சோபாக்களில் கால்களைக் காணவில்லை என்று வாடிக்கையாளர் போன் செய்வார். சோபாவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடித்துணியில் ஒரு ஜிப் இருக்கும். கால்கள் அதற்குள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். பட்டியலில் "கால்: அடியில் ஜிப்புக்குள்" என்று ஒரு வரி எழுதி வைத்தால் அந்த போன் வராது.

மூன்றாவது முழுக்கக் கழற்றித் தட்டையாக அடுக்கியது. புத்தக அலமாரி, டி.வி. யூனிட், கம்ப்யூட்டர் டேபிள் பெரும்பாலும் இப்படி.

நான்காவது ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவது. பிளாஸ்டிக் நாற்காலி. அட்டைப்பெட்டியே கிடையாது, அடுக்குதான் அதன் பேக்கிங். ஐந்தாவது மடக்குவது: கல்யாண மண்டபத்து ஸ்டீல் நாற்காலி, மடக்குக் கட்டில். பூட்டும் வேலை இல்லை, ஆனால் இடமும் அடைக்காது. அதனால் முதலாவதிலும் சேராது, மூன்றாவதிலும் சேராது. ஆறாவது அழுத்திச் சுருட்டியது. ஃபோம் மெத்தை. அதற்குத் தனியாகக் கீழே வருகிறேன்.

கே.டி. என்கிறார்கள், ஃபிளாட் பேக் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

'கே.டி.' என்றால் 'நாக் டவுன்', அதாவது கழற்றி அனுப்புவது. நம் ஊரில் கேடி என்றாலே வேறு அர்த்தம் என்பதால், "இது கேடி சரக்கு சார்" என்று சேல்ஸ்மேன் சொன்னதைக் கேட்டு முகம் சுளித்த வாடிக்கையாளரை நானே பார்த்திருக்கிறேன்.

இரண்டும் நெருங்கிய சொந்தம், ஆனால் ஒன்றல்ல. கே.டி. என்பது லாரிக்காகக் கழற்றியது. வந்த இடத்தில் கடை ஆளோ ஃபிட்டரோ பூட்டுவார்; டிரில், சுத்தியல், சில சமயம் உளிகூடத் தேவைப்படும். ஃபிளாட் பேக் என்பது வாங்குகிறவரே பூட்டட்டும் என்று முதலிலேயே யோசித்துச் செய்தது. ஓட்டைகள் ஆலையிலேயே போடப்பட்டிருக்கும். டோவல் என்னும் மரக்குச்சியைச் செருகி, மினிஃபிக்ஸ் என்று கடைகளில் சொல்லப்படும் வட்டப் பூட்டைத் திருப்பினால் பலகைகள் இறுகும். பெட்டிக்குள்ளேயே படம் போட்ட தாளும், முடுக்குவதற்கு ஆறுபட்டை வளைந்த கம்பியான ஒரு ஆலன் கீயும் இருக்கும். பட்டறைகளில் அதையே எல்.என். கீ என்பார்கள், ஆலன்தான் அப்படித் தேய்ந்துவிட்டார்.

பட்டியலில் இரண்டையும் பிரித்து எழுதுவது ஏன் அவசியம் என்றால், கே.டி. சரக்கை ஃபிட்டர் இல்லாமல் அனுப்பினால் வாடிக்கையாளர் வீட்டில் அது வெறும் விறகு. ஃபிளாட் பேக்கை அப்படி அனுப்பலாம், சொல்லி அனுப்பினால்.

கழற்றி விற்பது ஐகியா கண்டுபிடித்ததா?

பிரபலமாக்கியது அவர்கள் என்று சொன்னால் சரி. இங்வார் காம்ப்ராட் 1943-ல் ஸ்வீடனில் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே வேலை பார்த்த கில்லிஸ் லுண்ட்கிரென் ஒரு மேஜையைக் காரில் ஏற்ற முடியாமல் கால்களைக் கழற்றினார் என்பதும், 1956-ல் லோவெட் என்ற மூன்று கால் மேஜை தட்டைப் பெட்டியில் வந்தது என்பதும் அவர்களே சொல்லும் கதை. இந்தியாவில் அவர்களின் முதல் கடை 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் திறந்தது.

ஆனால் அதற்கு சுமார் 100 வருடத்துக்கு முன்பே, 1859-ல், மைக்கேல் தோனெட்டின் 14-ஆம் எண் நாற்காலி வந்துவிட்டது. வியன்னாவின் காபிக் கடை நாற்காலி என்று படங்களில் பார்த்திருப்பீர்கள்: முதுகில் வளைவுக்குள் வளைவு, வட்டமான சீட். நீராவியில் வளைத்த ஆறு மரத்துண்டுகள், பத்து திருகாணி, இரண்டு நட்டு. அவ்வளவுதான் மொத்த நாற்காலியும். கழற்றிய நிலையில் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் போகும். கப்பலில் உலகம் முழுக்கப் போனது அதனால்தான்.

அவ்வளவு தூரம் போவானேன், நம் வீட்டு மரக்கட்டிலைப் பாருங்கள். தலைமாட்டுப் பலகை, கால்மாட்டுப் பலகை, இரண்டு பக்கச் சட்டம், நடுவில் பலகைகள். வீடு மாற்றும்போது கழற்றி, வண்டியில் நிறுத்தி வைத்துக் கொண்டுபோய், மறுபடி பூட்டுவோம். கட்டிலை முழுசாகத் தூக்கிக்கொண்டு போனவர் யாராவது உண்டா? நம் ஆசாரிகள் காலங்காலமாகச் செய்வது கே.டி.தான், பெயர்தான் வைக்கவில்லை.

ஒரு வார்ட்ரோப் மூன்று பெட்டியில் வருகிறது. ஸ்டாக்கில் ஒன்று என்று எழுதுவதா, மூன்று என்றா?

இரண்டையும் எழுத வேண்டும், தனித்தனிக் கட்டங்களில். பொருள் 1, பெட்டி 3. எனக்கு இந்தப் பாடம் காசு கொடுத்துக் கற்றது. ஒரு தீபாவளி சமயத்தில் குடோனில் ஒன்பது பெட்டி இருந்தது. மூன்று வார்ட்ரோப் இருக்கிறது என்று நம்பி மூன்று பேரிடம் முன்பணம் வாங்கிவிட்டோம். பிரித்துப் பார்த்தால் முதல் பெட்டி நாலு, இரண்டாவது இரண்டு, மூன்றாவது மூன்று. அதாவது விற்கக்கூடிய வார்ட்ரோப் இரண்டு. மிச்சமிருந்தது கதவில்லாத ஒரு எலும்புக்கூடு. எண்ணிக்கை சரி, கணக்கு தப்பு.

அதிலிருந்து பெட்டிகளைக் கூட்டி வகுப்பதை விட்டுவிட்டேன். மூன்றில் முதல் பெட்டி 1/3, இரண்டாவது 2/3, மூன்றாவது 3/3; ஒவ்வொன்றும் எத்தனை என்று தனியாக எண்ணுங்கள். அதில் எது குறைவோ, அதுதான் உங்களிடம் இருக்கிற பொருளின் எண்ணிக்கை.

பார்கோடு வைத்து விற்கிறவர்களுக்கு ஒரு விஷயம். பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜி.எஸ்.1 அமைப்பு இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறது. 8006 என்று தொடங்கும் குறியீட்டில், பொருளின் 14 இலக்க எண், அப்புறம் இது எத்தனையாவது துண்டு என்று 2 இலக்கம், மொத்தம் எத்தனை துண்டு என்று 2 இலக்கம். மூன்று பெட்டிக்கும் பொருள் எண் ஒன்றுதான். துண்டு எண்தான் மாறும். சின்னக் கடைக்கு இது தேவையில்லை, மார்க்கரில் பெரிதாக எழுதினாலே போதும். ஆனால் யோசனை அதேதான்.

தலைகீழாகவும் நடக்கிறதே? ஒரு பெட்டியில் இரண்டு நாற்காலி?

ஆமாம், டைனிங் நாற்காலிகள் பெரும்பாலும் பெட்டிக்கு இரண்டாக வரும். இங்கே கடைக்காரர் ஒரு முடிவெடுக்க வேண்டும்: ஒற்றையாக விற்பதா, ஜோடியாக மட்டுமா? ஒற்றையாக விற்றால் பெட்டியைப் பிரிக்கணும், மிச்ச ஒன்று பெட்டி இல்லாமல் குடோனில் கீறல் வாங்கும். "ஒரு நாற்காலி உடைஞ்சிருச்சு, ஒண்ணு மட்டும் குடுங்க" என்று வருகிறவரைத் திருப்பி அனுப்பவும் மனசு வராது. நான் சொல்வது: விலையை ஒற்றைக்கு எழுதுங்கள், குறைந்தபட்ச விற்பனை இரண்டு என்று எழுதுங்கள், பிரித்த பெட்டியில் மிஞ்சியதைத் தனி வரியில் வையுங்கள்.

டைனிங் செட் ஒரு பொருளா, ஐந்து பொருளா?

நாலு நாற்காலி, ஒரு டேபிள். இதில் பார்க்க வேண்டியது, டேபிளை மட்டும் விற்பீர்களா என்பது. விற்பீர்கள் என்றால் அது இரண்டு பொருள்; "செட்" என்பது அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு விலை மட்டுமே. விற்க மாட்டீர்கள், சேர்த்துத்தான் என்றால் அது ஒரே பொருள், ஒரே எண்.

கடைகளில் நடப்பது என்னவென்றால், செட் என்று எழுதி வைத்துவிட்டு, தெரிந்தவர் வந்து கேட்டதும் டேபிளை மட்டும் கொடுத்துவிடுவது. நாலு நாற்காலி அனாதையாகும். ஸ்டாக்கில் இன்னும் "செட் 1" என்றே இருக்கும். பெட்டியிலேயே செட்டாக வருவதை ஒரு பொருளாகவும், கடையில் நீங்கள் சேர்த்து வைத்த செட்டை வெறும் விலைச் சலுகையாகவும் எழுதினால் பாதித் தலைவலி போகும்.

சோபாவை எப்படி எண்ணுவது? 3+1+1 என்கிறார்கள், எல் டைப் என்கிறார்கள்.

3+1+1 என்றால் மூன்று பேர் சோபா ஒன்று, ஒற்றை சோபா இரண்டு. ஐந்து பேர் உட்காரலாம், மூன்று பீஸ். வாங்குகிறவர் ஐந்து என்று எண்ணுவார், லோடு ஏற்றுகிறவர் மூன்று என்பார், பில்லில் செட் ஒன்று என்றிருக்கும். மூவரும் சொல்வது சரிதான். அதனால் பட்டியலில் மூன்றையும் எழுதிவிடுங்கள்.

எல் டைப்தான் உண்மையான சிக்கல். அது இரண்டு பீஸ், சில சமயம் மூன்று. நீளும் பகுதி இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும். சிலர் சோபாவில் உட்கார்ந்து பார்த்து இடது வலது சொல்வார்கள், சிலர் எதிரே நின்று பார்த்துச் சொல்வார்கள். இரண்டும் நேர் எதிர்! எழுத்தால் இதைத் தீர்க்கவே முடியாது. ஆர்டர் தாளில் ஒரு சதுரம் வரைந்து, சுவர், ஜன்னல், டி.வி. எங்கே என்று குறித்து, சோபாவைக் கிறுக்கிவிட்டு, வாடிக்கையாளரிடம் அதன் கீழே கையெழுத்து வாங்குங்கள். படத்தில் இடதும் வலதும் கிடையாது. கூடவே, இரண்டு பீஸும் ஒரே லாட்டில் வந்த துணியா என்று பாருங்கள். வேறு லாட் என்றால் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் நிறம் காட்டிக் கொடுக்கும்.

சீர்வரிசை செட் விற்கிறோம். கட்டில், மெத்தை, பீரோ, டிரெஸ்ஸிங் டேபிள், சில பாத்திரங்கள், எல்லாம் ஒரே விலை. பில் எப்படிப் போடுவது?

வகை பிரிப்பது நேரடியாக வரியைத் தொடும் இடம் இது. 2017-ஆம் வருட மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 8-வது பிரிவு, சேர்த்து விற்பதை இரண்டாகப் பார்க்கிறது. இயல்பாகவே ஒன்றோடொன்று சேர்ந்து வருபவை என்றால் அது கூட்டு விற்பனை. அதில் முதன்மையான பொருள் எதுவோ அதன் வரி எல்லாவற்றுக்கும். கட்டில் விலையிலேயே வீட்டில் கொண்டுவந்து பூட்டிக் கொடுப்பது அடங்கியிருந்தால் அது இந்த ரகம். அப்படி இயல்பான சேர்க்கை இல்லாமல், தனித்தனியாக விற்கக்கூடியவற்றை நாமாக ஒன்றாக்கி ஒரே விலை சொன்னால் அது கலப்பு விற்பனை. அதிலிருக்கும் பொருட்களில் எதற்கு வரி அதிகமோ அந்த விகிதம் மொத்தத்துக்கும்.

சாதாரண மர, ஸ்டீல், பிளாஸ்டிக் ஃபர்னிச்சருக்கு 2017 நவம்பரிலிருந்து 18 சதவீதம். அதற்கு முன்னால் 28 இருந்தது. முழுக்க மூங்கில் அல்லது பிரம்பால் ஆனதற்கு 12 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. இப்போது ஒரு மூங்கில் ஊஞ்சலையும் ஸ்டீல் பீரோவையும் ஒரே "ஆஃபர் செட்" ஆக்கி ஒரே விலை போட்டால், 5 சதவீதம் கட்ட வேண்டிய ஊஞ்சலுக்கும் 18 கட்ட நேரும். யாருக்கு லாபம்? ஆகவே சீர்வரிசை பில்லில் ஒவ்வொரு பொருளையும் தனி வரிசையில் எழுதி, ஒவ்வொன்றின் விலையையும் தனியாகக் காட்டச் சொல்வேன். பெண் வீட்டாருக்கும் அதுதான் பிடிக்கும். எது எவ்வளவு என்று நாளைக்குச் சொந்தக்காரர்களிடம் சொல்ல வேண்டாமா. உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

கழற்றி வந்தால் எச்.எஸ்.என். குறியீடு (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்) மாறுமா? பெட்டியில் இருப்பது வெறும் பலகைதானே?

மாறாது. சுங்கத்தில் பொருட்களை வகைப்படுத்தும் பொது விதிகளில் 2(அ) என்று ஒன்று உண்டு. பூட்டாமல் அல்லது கழற்றி வந்தாலும், முழுப் பொருளுக்கு எந்தத் தலைப்போ (குறியீட்டின் முதல் நாலு இலக்கம்) அதே தலைப்புதான். திருகாணி, போல்ட், ஏன் வெல்டிங் செய்தே சேர்ப்பதாக இருந்தாலும், வெறும் சேர்க்கும் வேலைதான் பாக்கி என்றால் அது முழுப் பொருள். ஆகவே ஃபிளாட் பேக் அலமாரி பலகைக் கணக்கில் வராது, அலமாரிக் கணக்கில்தான் வரும்.

ஆனால் ஒரு நுணுக்கம். ஒரு டேபிளுக்கு நாலு கால் போதும், பெட்டியில் பத்து கால் வந்திருக்கிறது என்றால், அந்த மிகுதி ஆறும் தனியாக உதிரிப்பாகமாகவே பார்க்கப்படும். 

கடைக்குத் தேவையான தலைப்புகள் கொஞ்சம்தான். உட்காருவது பெரும்பாலும் 9401. டேபிள், கட்டில், பீரோ, அலமாரி 9403. மெத்தை, தலையணை 9404. கட்டிலோடு விற்கிறோம் என்பதற்காக, தனியாக வரும் மெத்தை கட்டிலின் உதிரிப்பாகம் ஆகிவிடாது. சோபா-கம்-பெட் 9401-ல் வரும், இரவில் படுத்தாலும் அது இருக்கைதான். சலூன் நாற்காலி 9402. ஆபரேஷன் டேபிளும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் இருக்கும் அதே வீட்டில்தான் அதுவும் குடியிருக்கிறது, ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். தரையில் நிற்கும் ஆளுயரக் கண்ணாடி ஃபர்னிச்சரே இல்லை, 7009.

சுருட்டிய மெத்தையை எவ்வளவு நாள் குடோனில் வைக்கலாம்?

பெட்டியில் கம்பெனி என்ன எழுதியிருக்கிறதோ அதுவரை. ஃபோமை அழுத்தி, காற்றை உறிஞ்சி, சுருட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்திருக்கிறார்கள். பிரித்ததும் எழும்பும், முழு உயரம் வர ஒன்றிரண்டு நாள் ஆகலாம். மாதக்கணக்காக நசுங்கிக் கிடந்தால் பழைய உயரத்துக்கு வராமல் போகலாம். ஆகவே இந்த வகைக்கு மட்டும் வந்த தேதியை எழுதி, முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். பீரோவுக்கு இந்தக் கவலை இல்லை.

தென்னைநார் மெத்தையைச் சுருட்ட முடியாது. அது முழு நீளத்தில்தான் வரும், முழு நீளத்தில்தான் நிற்கும். ஒரே அளவு, இரண்டும் மெத்தை. குடோனில் பிடிக்கும் இடத்தில் யானைக்கும் பூனைக்கும் உள்ள வித்தியாசம்.

பார்சல் கூலி ஏன் எடையைவிட அதிகமாகப் போடுகிறார்கள்?

அவர்கள் இடத்துக்குக் காசு வாங்குகிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது கூரியர்களில் பழக்கமான கணக்கு, வருவது கிலோ. நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. வகுக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

30 கிலோ எடையுள்ள ஒரு புத்தக அலமாரி, பூட்டிய நிலையில் 180, 80, 30 சென்டிமீட்டர் என்று வைப்போம். பெருக்கினால் 4,32,000; வகுத்தால் 86.4 கிலோவுக்குக் கூலி. அதே அலமாரி கழற்றி 190, 40, 12 பெட்டியில் போனால் 18.24 கிலோதான் வருகிறது, ஆகவே நிஜ எடையான 30 கிலோவுக்குக் கொடுத்தால் போதும். ஆன்லைனில் கிட்டத்தட்ட எல்லா அலமாரியும் தட்டைப் பெட்டியில் வருவதற்குக் காரணம் தேடி ஸ்வீடன் வரை போக வேண்டியதில்லை.

எம்.ஆர்.பி. ஸ்டிக்கர் எதற்கெல்லாம் ஒட்ட வேண்டும்?

2011-ஆம் வருடப் பேக்கேஜ் விதிகள் "முன்கூட்டியே பேக் செய்த பொருள்" பற்றியவை. வாங்குகிறவர் எதிரே இல்லாதபோது, குறித்த அளவில் பேக் செய்யப்பட்டது என்று அர்த்தம். பாருங்கள், சட்டமே பேக்கிங்கை வைத்துத்தான் பிரிக்கிறது. ஆலையில் மூடி வந்த அட்டைப்பெட்டியில் செய்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர் முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, மாதம் வருடம், வரி உட்பட்ட அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு, வெளிநாட்டுச் சரக்கு என்றால் எந்த நாடு என்பதெல்லாம் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுத்த கட்டிலுக்கு அதன்பிறகு நீங்கள் பபிள் ஷீட் சுற்றினால், அது போகிற வழிக்கான போர்வை, அவ்வளவுதான்.

பிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததை மறுபடி புதுசு என்று விற்கலாமா?

கூடாது. நியாயத்தை விடுங்கள், பொருளே தாங்காது. பார்டிகிள் போர்டு என்பது மரத்தூள் பசையில் ஒட்டியது. ஒருமுறை முடுக்கிக் கழற்றிய திருகாணி மறுமுறை அதே ஓட்டையில் அவ்வளவு பிடிக்காது. ஆகவே ஃபிளாட் பேக் திரும்பி வந்தால் இரண்டு வகையாக எழுதுங்கள்: பெட்டியைப் பிரித்தும் பூட்டாதது ஒன்று, பூட்டிக் கழற்றியது இன்னொன்று. முதலாவதைப் பாகங்களை எண்ணிச் சரிபார்த்து, பிரித்த பெட்டி என்று சொல்லியே விற்கலாம். இரண்டாவதை மறுபடி பூட்டி ஷோரூமில் நிறுத்தி, டிஸ்ப்ளே பீஸ் என்று விலை குறைத்து, பூட்டிய நிலையிலேயே அனுப்புங்கள். கட்டி வரும் விதத்தில் அது மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு மாறிவிட்டது, பட்டியலிலும் மாற்றுங்கள். தேக்குக் கட்டிலுக்கு இந்தப் பயம் இல்லை. பத்து வீடு மாறினாலும் பூட்டலாம்.

மாடுலர் கிச்சன் இதில் எங்கே சேரும்?

எதிலும் சேராது, சேர்க்கவும் வேண்டாம். அது சதுர அடிக் கணக்கில் விலை பேசி, சமையலறையை அளந்து செய்வது. பெட்டி பெட்டியாக வந்தாலும் அவை அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமானவை. வேறு யாருக்கும் விற்க முடியாது. ஸ்டாக்கில் ஏற்றாமல் ஆர்டர் நோட்டில் வாடிக்கையாளர் பெயரில் வையுங்கள். ஆசாரியிடம் சொல்லிச் செய்யும் பூஜை அலமாரியும் அப்படியே.

திருகாணிப் பாக்கெட் தொலைந்து போனால் அந்தப் பொருள் எந்த வகை?

விற்க முடியாத வகை! சிரிக்க வேண்டாம், குடோனில் தூங்கும் சரக்கில் நிறைய இப்படித்தான் இருக்கும். 15,000 ரூபாய் அலமாரி, ஒரு கைப்பிடி திருகாணி இல்லாமல் இரண்டு வருடம் சுவரோரம் நிற்கும். பெட்டி இறக்கும்போதே பாக்கெட் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். பெரும்பாலும் 1/3-ல் இருக்கும். உடைந்து ஒதுக்கிய ஒவ்வொரு பொருளிலிருந்தும் அதன் பாக்கெட்டை எடுத்து, மாடல் பெயர் எழுதி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். என் பழைய குடோனில் அப்படி ஒரு பழைய பிஸ்கெட் டின் இருந்தது. வார்ட்ரோப்பின் அந்த எலும்புக்கூட்டிலிருந்து எடுத்த பாக்கெட்டும் அதில்தான் கிடந்தது. அடுத்த பொங்கலுக்கு வேறொரு வீட்டில் கதவு மாட்ட அதைத்தான் எடுத்தோம்.